மடியில் இருந்தும் அழுகை

வளைகாப்பு வீட்டில் இன்று ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, அம்மா மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மீசைக்கார மாமா ஒருவர் "வாடி தங்கம்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

முதலில் கீழுதடு மட்டும் பிதுங்கியது. அம்மா முகத்தைப் பார்த்தது. மறுபடி மீசையைப் பார்த்தது. அப்புறம் வீடே அதிர்ந்தது.

"அம்மாவை விட்டு இருக்கவே மாட்டேங்குதே!" என்றார் மாமா.

அம்மாதான் எங்கேயும் போகவில்லையே மாமா! அது பயந்தது உங்களைப் பார்த்து.

பிறகு அம்மா பந்திக்கு எழுந்து போனாள். குழந்தை இப்போது பாட்டி இடுப்பில். தினமும் தூக்கி வளர்க்கும் பாட்டிதான், புது முகம் இல்லை. ஆனாலும் அம்மா போன வாசலையே பார்த்து ஒரே அழுகை. இது பிரிவு பயம்.

புது முக பயம், பிரிவு பயம் இரண்டும் முதல் வயது முடிவதற்குள்ளேயே தலைகாட்டுவதால்தான் இந்தக் குழப்பம். உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற சோதனையில் இரண்டுமே வரும். அம்மா இருக்கும்போதே அந்நியர் ஒருவர் அறைக்குள் வருவார். அப்புறம்தான் அம்மா வெளியே போவார்.

புது முகத்துக்கு அழுதால் தள்ளி உட்கார்ந்து அம்மாவோடு பேசுங்கள், அதுவே எட்டிப் பார்க்கும். பிரிவுக்கு அழுதால் அம்மா நைசாக நழுவக் கூடாது, சொல்லிவிட்டுப் போக வேண்டும். அழும்தான், பரவாயில்லை.

"பழக விடாம வளர்த்திருக்கா" என்று அம்மாவைக் குறை சொல்லும் அத்தைகளுக்குத்தான் இன்னும் ஒரு சோதனையும் வரவில்லை.