நூறு பாட் பியரும் நூறு கிராம் மீனும்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலைக் கடற்கரையில் இருக்கிற எங்கள் உப்புவெளி படுத்துவிடும். வடகீழ்ப் பருவமழை, கொந்தளிக்கிற கடல், புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது. அலஸ்தோட்டத்தில் சின்னதாய் ஒரு விடுதியும் அதோடு ஒட்டினாற்போல் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிற என் மச்சானுக்கு அதுதான் லீவு. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெள்ளைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனவன், "ஒருக்கா நாங்களும் டூரிஸ்டா இருந்து பாப்பம்" என்று சொல்ல, பாங்கொக்குக்கு வெளிக்கிட்டோம்.

அறை எடுத்தது சிலோம் வீதிப் பக்கம். காரணம், மகா மாரியம்மன் கோவில். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிழைக்கப் போன தமிழர் கட்டியது. தாய்க்காரர் 'வாட் கேக்' என்பார்கள். கோபுரம் நம்முடையது, கும்பிடுகிற சனம் பெரும்பாலும் தாய்லாந்துச் சனம். வாசலில் செவ்வந்தி மாலை விற்கிறார்கள். பின்னேரப் பூசை முடிந்து அதே வீதியில் நடையைக் கட்டினால் பட்பொங் வந்துவிடும். சிலோமுக்கும் சுரவொங் வீதிக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகள், நடுவில் இரவுச் சந்தை, இருபக்கமும் நியோன் விளக்குப் போட்ட பார்கள். நெற்றியில் குங்குமம் காயவில்லை, அதற்குள் ஒருத்தன் கையில் அட்டையோடு குறுக்கே வந்துவிட்டான்.

பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மேல்மாடியில் என்னென்ன காட்டுவார்கள் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. இங்கே எழுதக்கூடிய பட்டியல் இல்லை. கடைசி வரியில் மட்டும் அவன் விரல் நின்றது: பியர் 100 பாட், நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு பாட் எங்கள் காசில் ஏறக்குறைய 9 ரூபாய். எங்கள் கடற்கரையில் ஒரு பியரின் விலையோடு பார்த்தால் இது தர்ம விலை. மச்சான் அட்டையை வாங்கி வடிவாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "கீழ் வீட்டு பார் எல்லாம் கதவு திறந்து கிடக்கு. இவன் ஏன் எங்கள மேல ஏத்தப் பாக்கிறான்?" அவ்வளவுதான் கேட்டான். நாங்கள் ஏறவில்லை.

ஏறினவர்களைத்தான் பிறகு கண்டோம். சுரவொங் பக்கம் காசு எடுக்கிற மெஷினுக்கு முன்னால் வரிசையில் நின்று, ஊருக்கு என்ன வாங்குவது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். முன்னால் நின்ற பெடியன் திரும்பாமலே, மெதுவாக, தமிழில் சொன்னான்: "அண்ணா, திரும்பிப் பாக்காதீங்க. பக்கத்துல நிக்கிறவன் கடை ஆளு. என் ஃப்ரெண்ட மேல உக்கார வெச்சிருக்காங்க. காசு எடுத்துட்டு வரச் சொல்லி இவன கூட அனுப்பியிருக்காங்க."

பக்கத்தில் கறுப்பு டீசேர்ட் போட்ட ஒருவன் போனை நோண்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு விளங்காத பாஷை எங்கள் மூன்று பேருக்கும் விளங்கியது. கோயம்புத்தூர்ப் பெடியன், வயது இருபத்தைந்து இருக்கும். "தம்பி, பில் கையில இருக்கோ?" என்று மச்சான் கேட்டான். இருந்தது. கசங்கின துண்டுத்தாளில் பேனையால் எழுதியிருந்தது: பியர் 2, 200. ஷோ 2, 3,000. லேடி ட்ரிங்க் 4, 1,600. சேர்விஸ் 600. கூட்டினால் 5,400 பாட். எங்கள் காசில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு மேல்.

லேடி ட்ரிங்க் என்பது, பக்கத்தில் வந்து குந்துகிற பெண்ணுக்கு நாம் வாங்கிக் கொடுக்கிற குடி. இவர்கள் கேட்கவில்லை, அதுவாகவே வந்ததாம். மறுத்தபோது கதவடியில் இரண்டு பேர் வந்து நின்றிருக்கிறார்கள்.

மச்சான் 1155 ஐ அடித்தான். தாய்லாந்தில் உல்லாசப் பயணிகளுக்கென்றே இருக்கிற பொலிஸின் இலக்கம், ஆங்கிலத்தில் கதைக்கலாம். போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒழுங்கையின் பெயர், கடைப் பலகையில் இருந்த பெயர், மேல்மாடியில் ஒருவரை மறித்து வைத்திருப்பது எல்லாவற்றையும் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னான். கறுப்பு டீசேர்ட்காரனுக்குத் தமிழ்தான் விளங்காது. டூரிஸ்ட் பொலிஸ் என்ற சொல் வடிவாக விளங்கியது. விறுவிறுவென்று தன் போனில் மேலே கதைத்தான். பொலிஸ் வந்து சேருவதற்குள் மற்றப் பெடியன் படியால் இறங்கி வந்துவிட்டான். ஏற்கனவே மேசையில் வைத்த 1,000 பாட்டோடு கணக்கு முடிந்ததாம். அதுவே கூட என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு பெடியன்களும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பறந்த வேகத்தில் அதைச் சொல்ல வாய்க்கவில்லை.

இரவு அறையில் மச்சானுக்கு நித்திரை வரவில்லை. "பியர் விலை பொய்யில்லை, பாத்தியா? பில்லிலயும் நூறுதான் போட்டிருக்கிறான்." அவன் அதிலேயே நின்றான். சொன்ன விலை சரி, சொல்லாத விலைதான் கொள்ளை. அதையும் எழும்பிப் போக முடியாத இடத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். ஐநூறு பாட் என்று வாசலில் எழுதிப்போட்டு வாங்கினால் அது விலை கூடின கடை, விருப்பமில்லாதவன் போகமாட்டான். இங்கே விலை தெரியவருகிற நேரம் கதவு சாத்தியிருக்கிறது.

டோக்கியோவில் இப்படி பார்கள் நிறைந்த கபுகிச்சோ பகுதியில் இதே தொல்லை முற்றித்தான் 2000ஆம் ஆண்டில் அந்த நகர நிர்வாகம் தனிச் சட்டமே போட்டது: கட்டணத்தைத் தெளிவாகக் காட்டவேண்டும், மிரட்டி வாங்கக் கூடாது. வீதியில் கூப்பிடுகிறவர்களின் பின்னால் போகாதீர்கள் என்று அங்கே ஒலிபெருக்கியிலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜப்பான்காரனுக்கே ஒலிபெருக்கி தேவைப்படுகிறது என்றால் கோயம்புத்தூர்ப் பெடியனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சேர்ந்து போகிற பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. மேசையில் விட்டுவிட்டுப் போன கிளாஸை, திரும்பி வந்து குடிக்கக் கூடாது, யாராவது எதையாவது கலந்திருக்கலாம். அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னால் சனம் "சீ, தாய்லாந்துக்காரன்" என்கிறது. நாங்கள் பெரிய திறமோ? 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு கொத்துரொட்டிக்கு 1,900 ரூபாய் சொல்லி, கேள்வி கேட்ட வெளிநாட்டுக்காரரை வெருட்டினவரைப் பொலிஸ் பிடித்தது. அதே மாதம் களுத்துறையில் ஒரு வடைக்கும் பிளேன்டீக்கும் 800 ரூபாய். இரண்டும் வீடியோவாகச் சுற்றினபடியால் பிடிபட்டவை. வீடியோ இல்லாதவை எத்தனையோ.

எங்கள் கடற்கரைச் சண்டைகளில் முக்கால்வாசி மீனால் வருகிறது. பின்னேரம் ஐஸ்பெட்டியில் பாரை, விளைமீன், சிங்கிறால் எல்லாம் பரத்தி வைப்பார்கள். மெனுவில் 600 என்று இருக்கும், பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருக்கும். வெள்ளைக்காரச் சோடி ஒன்று ஆசைப்பட்டு ஒரு முழுப் பாரையைக் காட்டும். சுட்டு, எலுமிச்சை பிழிந்து, மெழுகுதிரி கொளுத்தி வைத்துக் கொடுத்தாயிற்று. பில் வருகிறபோது மீன் ஒன்றரைக் கிலோ, 9,000 ரூபாய், அதற்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம். மீன் வயிற்றுக்குள் போனபிறகு எதை நிறுப்பது? கடைக்காரன் மெனுவைக் காட்டுவான், அவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். சட்டப்படி அவன் பக்கம் ஞாயம் இருக்கலாம். எனக்கு அந்தப் பட்பொங் துண்டுத்தாள்தான் ஞாபகம் வரும்.

இதற்கு எதிர்மாறும் உண்டு. புறாமலை தேசியப் பூங்கா. அங்கே வெளிநாட்டாருக்கு ஒரு கட்டணம், எங்களுக்கு ஒரு கட்டணம். அதோடு சேவைக் கட்டணம், வரி, படகுக் கூலி வேறு. எல்லாம் அரசாங்க ரசீதோடு வாங்குவது. ஆனால் படகுக்காரர் முன்கூட்டியே பிரித்துச் சொல்லாவிட்டால், கவுண்டரில் நிற்கிற வெளிநாட்டான் படகுக்காரரைத்தான் கள்ளன் என்பான். நிலாவெளியில் அப்படிப் பேச்சு வாங்கின ஒரு ஐயாவை எனக்குத் தெரியும். ஐந்து சதம் கூடுதலாய் வாங்காத மனுசன்.

திரும்பி வந்த வருசம் சீசன் தொடங்கியதும் மச்சான் செய்த முதல் வேலை, குசினிக்குள் கிடந்த தராசை வெளியே ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததுதான். மீனைக் காட்டினவுடன் அவர்கள் கண் முன்னால் நிறுத்து, எடை, விலை, சேவைக் கட்டணம், மொத்தம் எல்லாவற்றையும் தாளில் எழுதி மேசையில் வைப்பான். தலையாட்டினால்தான் அடுப்பில் ஏறும். சிலர் மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பாதி மீன் போதும் என்பார்கள், சிலர் ஃப்ரைட் ரைஸுக்கு மாறிவிடுவார்கள். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. மெனுவின் அடியில் சுற்றுலாத்துறையின் 1912, பொலிஸின் 119 இரண்டையும் போட்டான். பக்கத்துக் கடைக்காரர், "ஏன் தம்பி, உன்ர கடைக்கு நீயே வழக்கு வைக்கிறாய்?" என்று சிரித்தார்.

சிரிக்காதவர் திரீவீல் அண்ணைதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர், சாப்பாட்டு பில்லில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இங்கே எல்லாக் கடைக்கும் அதுதான் வழக்கம். தராசைக் கண்டுவிட்டு வெத்திலையை மென்றபடி கேட்டார், "எல்லாத்தையும் முதலே எழுதிக் குடுத்தா என்ர கொமிஷனை எதுக்குள்ள வைக்கிறது?"

"அதையும் ஒரு வரியாப் போடட்டோ அண்ணை?" என்றான் மச்சான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சோடியைப் பக்கத்துக் கடையில் கொண்டுபோய் இறக்கினார்.