ஒரு ஊசி போட்டுடு கண்ணு

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு சிற்றூர். கல்குவாரியில் உழைத்துத் தேய்ந்த பெரியவர். கன்னத்தில் புற்றுநோய், புண் வெளியே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நாற்றம் தாங்காமல் கட்டிலை மாட்டுக்கொட்டகை ஓரம் போட்டிருந்தார்கள். வீடு தேடிப் போகும் வலி தணிப்பு நர்ஸ் நான். உட்கார்ந்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு ஊசி போட்டு அனுப்பி வெச்சிடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

மெட்ரோனிடசோல் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நசுக்கி, மாவானதும் புண்மேல் தூவிக் கட்டுப் போடுவதை மருமகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். நாற்றம் அதில்தான் அடங்கும். வலிக்கு டாக்டர் எழுதிய மார்ஃபின், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் ஒரு மாத்திரை. அதை விட்டுவிட்டால் மார்ஃபினே வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது கட்டில் திண்ணைக்கு வந்திருந்தது. ஊசிப் பேச்சே இல்லை. “ரேஷன் கார்டுல பேரன் பேரச் சேக்கணும், யாரப் பாக்கறது?” என்று கேட்டார்.

அந்தப் பெரியவரை மனதில் வைத்துக்கொண்டுதான் பிரிட்டன் நாடாளுமன்ற விவாதத்தைப் போனில் பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்டவர், சுயநினைவோடு கேட்டால், உயிர் விடுவதற்கு மருத்துவ உதவி பெறலாம் என்கிற மசோதா. கட்சிக் கட்டளை கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டு. தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லிச் சொல்லி உறுப்பினர்கள் பேசினார்கள். 2024 நவம்பரில் ஆதரவு 330, எதிர்ப்பு 275. 2025 ஜூனில் 314க்கு 291. ஷரத்து ஷரத்தாகப் பிரித்துப் பேசி முடித்தபோது வித்தியாசம் 55லிருந்து 23 ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தில் தயங்கியவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

இங்கே நாடாளுமன்றம் இதைக் கோர்ட்டிடமே விட்டுவிட்டது. பல ஆண்டுகள் நினைவற்றுக் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011 தீர்ப்பு. பிறகு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பலனில்லாத உயிர்காப்புக் கருவியை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சாவதற்கு ஊசி கிடையாது. சட்டம் வரும்வரை என்று சொல்லித்தான் அந்த நெறிமுறைகளைத் தந்தார்கள். அப்படி எழுதி வைக்கும் பத்திரத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதில் நோட்டரி போதும் என்று 2023இல் தளர்த்தியதும் கோர்ட்தான்.

எம்.பி.க்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபினுக்கான லைசென்ஸ் சிக்கலைக் குறைத்தார்கள். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் தொடங்கியது. வலி தணிப்பு சிகிச்சையும் அதில் உண்டு. இவையெல்லாம் கட்டில்வரை வந்து சேர்ந்தவை. ‘சாக விடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், வலியைத் தணித்துவிட்டு, புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி அவரிடம் கேட்க வேண்டும். சட்டம் எழுதுகிறவர்களிடம் நான் வேண்டுவது இந்த வரிசையைத்தான்.

ஆனால் மறுபடி கேட்டும் அதே பதிலைச் சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியும். தர்மபுரியில் ஓய்வுபெற்ற வாத்தியார். நரம்பு நோயில் கை, கால், பேச்சு எல்லாம் போய், அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. எழுத்து அட்டையில் நான் விரலை நகர்த்த, சரியான எழுத்தில் கண்ணை மூடுவார். “வலி இல்லை. போதும்” என்று வந்தது. “என்ன சொல்றாரு சிஸ்டர்?” என்றார் மகன். மறைக்காமல் படித்துச் சொன்னேன்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைக்க வழி இருப்பதைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டரி வீட்டுக்கே வந்தார், சாட்சிக்கு இரண்டு பேர். என் வேலையில் அப்படி ஒரு பத்திரத்தைப் பார்த்தது அன்று ஒருமுறைதான். மகன் அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைத்துவிட்டு, மையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். வாத்தியார் அட்டையைப் பார்த்தார். எடுத்து நீட்டினேன்.

“அவ்வளவுதானா?”

“இப்போதைக்கு அவ்வளவுதாங்க சார்” என்றேன்.