உச்சி தொட்ட நாளைத் தவறு என்றவர்

அமெரிக்க மலையேறி எட் வீஸ்டர்ஸ் 1992 ஆகஸ்ட் 16 அன்று, உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2வின் உச்சிக்குப் போனார். கூடவே ஸ்காட் ஃபிஷர், சார்லி மேஸ். மூவரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள். ஆனாலும் தன் மலையேற்ற வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான் என்று வீஸ்டர்ஸ் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். குழுக்களை மலைக்குக் கூட்டிப்போகிற எங்கள் வேலையில் இந்தப் பேச்சை அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாத நாளைத் தவறு என்றால், பிறகு எந்த நாள்தான் சரி?

அன்று கீழேயிருந்து மேகம் ஏறி வந்தது, பனி கொட்ட ஆரம்பித்தது. திரும்பலாமா என்ற கேள்வியை அவர் முடிவு செய்யாமல் தள்ளிப்போட்டார். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம், பிறகு இன்னும் கொஞ்சம். மற்ற இருவருக்கும் அந்தக் கவலை பெரிதாக இல்லை. அப்படியே உச்சி வந்துவிட்டது.

இந்தத் தள்ளிப்போடல்தான் ஆபத்து. அது ஏன் என்பதை விளக்க வேண்டும். ஏறும்போது காலடியில் இருக்கிற பனியும் இறங்கும்போது இருக்கப்போகிற பனியும் ஒன்றல்ல. 50 பாகைக்கு மேல் செங்குத்தான இடத்தில் புதுப்பனி நிற்காது, சின்னச் சின்னதாக வழிந்துகொண்டே இருக்கும். வழிந்ததெல்லாம் கீழே சாய்வு குறைகிற தோள்பகுதியில் போய்ச் சேரும். பலகையாகப் பெயர்கிற பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் நடக்கும். காற்றும் சேர்ந்தால் மறுபக்கத்துப் பனியையும் வாரிக்கொண்டு வந்து அங்கேயே கொட்டும். மணிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் விழுந்தாலே எச்சரிக்கை. போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகுமென்றால் கணுக்காலளவு வந்துவிடும். காலடித் தடம் மூடிப்போகும். வழியில் நட்டுவைத்த மூங்கில் குச்சிகள் ஒரு கயிற்று நீளத்துக்கு ஒன்று என்று இருந்தால்தான் மேகத்துக்குள் உதவும். அதைவிட இடைவெளி விட்டால் அடுத்த குச்சி கண்ணில் படாது.

எல்லாக் குழுவுக்கும் ‘டர்ன் அரவுண்ட் டைம்’ உண்டு, அதாவது உச்சி வராவிட்டாலும் திரும்பியே ஆக வேண்டிய நேரக் கெடு. செயற்கை ஆக்ஸிஜன் இல்லாமல் 8,000 மீட்டருக்கு மேல் மணிக்கு 70 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 7,900 மீட்டர் முகாமிலிருந்து கே2 உச்சி 8,611. பத்து மணி நேரம். இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் பகல் பதினொன்று. தாமதத்துக்கு இடம்விட்டு இரண்டு மணி கடைசி. இருட்டுவதற்குள் இறங்கவும் உடம்பில் மிச்சம் வைக்கவும் இந்தக் கணக்கு போதும். பனிக்கு இது எதுவும் செய்யாது. கடிகாரம் ‘போ’ என்று சொல்கிற நேரத்திலேயே சரிவு ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். கெடுவுக்குப் பக்கத்தில், எத்தனை சென்டிமீட்டர் புதுப்பனி, எத்தனை குச்சி தெரிந்தால் மேலே போகலாம் என்பதையும் முகாமிலேயே எழுதிவைக்க வேண்டும். மேலே போனபின் மூச்சுக் காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதை வைத்துக்கொண்டு புதிதாக யோசிக்க முடியாது.

வயது ஏற ஏறப் பக்குவம் வந்தது என்று அவர் கதையை முடித்துவிடலாம். கதை அப்படிப் போகவில்லை. 1987இலேயே எவரெஸ்டில் சுமார் 90 மீட்டர் பாக்கி இருக்கும்போது திரும்பியவர் அவர். அதாவது திரும்பத் தெரியாதவர் அல்ல. கே2விலேயே, அந்த ஏற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஃபிஷரோடு ஒரே கயிற்றில் இருந்தபோது பனிச்சரிவு இருவரையும் இழுத்துப்போயிற்று. பனிக்கோடரியைக் குத்தித்தான் நிறுத்தினார். அதைப் பார்த்த பிறகும் ஏறினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை, பார்த்ததால்தானோ? அவ்வளவு பட்டபின் வெறுங்கையோடு போவதா என்ற எண்ணம் பலமானது.

2002இல் அன்னபூர்ணாவின் கிழக்கு முகட்டில் நிலைமை தலைகீழ். ஒரு சரிவின் பனி சரியில்லை என்று வீஸ்டர்ஸும் அவர் கூட்டாளி வெய்க்கா குஸ்டஃப்சனும் திரும்பினார்கள். அதே சரிவில் உடன் வந்த ஜான் கிறிஸ்டோஃப் லஃபாயும் அல்பெர்டோ இன்யூராத்தெகியும் தொடர்ந்து போய், உச்சியைத் தொட்டு, வந்த வழியே பத்திரமாகத் திரும்பினார்கள். நால்வரும் சமமான அனுபவசாலிகள். வீஸ்டர்ஸ் வருந்தவில்லை. வெற்றி என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அதற்குள் மாறிவிட்டது: திரும்பி வருவதுதான் ஏற்றம், உச்சி கிடைத்தால் கூடுதல். லஃபாய் 2006 ஜனவரியில் மக்காலு சிகரத்தில் தனியாக ஏறும்போது காணாமல் போனார். அதை எடுத்துக்கொண்டு 2002இல் வீஸ்டர்ஸ்தான் சரி என்று வாதாடுபவர்கள் உண்டு. அது நேர்மையில்லை, மலை வேறு, பருவம் வேறு.

கே2வில் ஏறியவரும் தப்பினார், அன்னபூர்ணாவில் ஏறியவர்களும் தப்பினார்கள். ஒன்றைத் தவறு என்கிறோம், மற்றதைத் துணிச்சல் என்கிறோம். உள்ளுணர்வு ‘வேண்டாம்’ என்றதா இல்லையா என்பதே வீஸ்டர்ஸ் வைக்கும் வேறுபாடு. அதை ஏற்கிறேன், பாதி மனதோடு. குழுவில் நான்கு பேருக்கு நான்கு உள்ளுணர்வு இருக்கும்போது யாருடையதைக் குறித்துக்கொள்வது?

இதில் இன்னொன்றும் உண்டு. 2005 மே 12 அன்று அன்னபூர்ணாவை வடக்குப் பக்கமாக ஏறி, 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் அவர் முடித்தார். அந்தப் பக்கம் தலைக்கு மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர்கள் தொங்கும். அவை நேரம் பார்த்தோ புதுப்பனி பார்த்தோ உடைவதில்லை. கெடு, சென்டிமீட்டர், குச்சி எதுவும் அங்கே எடுபடாது. அடியில் நிற்கிற நிமிடங்களைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அவ்வளவு எச்சரிக்கையாகிவிட்ட மனிதர் அதற்கு அடியில் போகச் சம்மதித்தார்.