டெஸ்டர் எரிந்தது

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு. பின்பக்கம் முருங்கை, கொய்யா, மல்லிகைப் பந்தல். செடிகளுக்குத் தண்ணீர் விடும் அரை ஹெச்.பி. மோட்டாரை ஒரு ரிமோட் சாக்கெட்டில் மாட்டியிருந்தார்கள். மூட்டுவலியால் நடக்கச் சிரமப்படும் அம்மாவுக்கு மகன் வாங்கித் தந்தது. சில நேரம் ஆஃப் செய்தாலும் மோட்டார் நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது மோட்டார் ஓடவில்லை. "ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, நீங்க பாருங்க" என்றார் அம்மா. மோட்டாரின் ஒயர் மூடியைக் கழற்றினேன். பழக்கத்தில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. கையை எடுத்த மறு நொடி மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. ஹாலில் பேரன் ரிமோட்டை அழுத்தியிருக்கிறான். பாவம், குழந்தை. தப்பு அவனுடையது இல்லை. பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறந்தது நான்.

டெஸ்டர் எரிந்ததற்குக் காரணம், ரிமோட் சாக்கெட்டை மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தது. கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரும் திரும்பும் நியூட்ரல் ஒயரும் இடம் மாறியிருந்தன. அந்தச் சாக்கெட் ஒரே ஒயரைத்தான் துண்டிக்கும். மாறியிருந்ததால் அது நியூட்ரலைத் துண்டித்தது. மோட்டார் நின்றது, ஆனால் 230 வோல்ட் அதன் உள்ளேயே இருந்தது. ரிமோட்டும் டிவி ரிமோட் மாதிரி நேரே நீட்ட வேண்டியது இல்லை. இந்த வகையில் பல, 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் சுவரைத் தாண்டி வேலை செய்பவை. அழுத்துகிறவருக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

அப்புறம் சாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே ஆன், ஆஃப் செய்யும் சிறு சுவிட்சான ரிலேயின் முனைகள் கருகி, ஒட்டிப் பிரிந்த தடம் இருந்தது. சில நேரம் மோட்டார் நிற்காதது அதனால்தான். அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது மூன்று ஆம்பியர் அளவில் இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதை எத்தனை நாள் தாங்கும்? விளக்குக்கும் ஃபேனுக்கும் சரி. ஹீட்டர், அயர்ன் பாக்ஸை அதில் மாட்டவே வேண்டாம், எதிரில் ஆள் இல்லாமல் சூடாகும் எதையும் ஆன் செய்யக் கூடாது.

மோட்டாருக்குத் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தேன். நடுவில் ஒரு கான்டாக்டர், பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்ச். ரிமோட் சாக்கெட் அதை இயக்கும் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், மோட்டாரின் சுமை கான்டாக்டருக்கு. ரிமோட் சாக்கெட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன், ஐப்பசி மழை அதற்கு ஆகாது. மெயினில், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டேன்.

கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்தைப் பற்றித்தான் அவர்களிடம் அதிக நேரம் பேசினேன். நம் ஊர் வெயிலில் மண் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் குழி இருந்தும் பயன் குறைவு. மோட்டார் உடம்பில் கரண்ட் கசிந்தால், எர்த் நன்றாக இருக்கும்போது யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் ஒரு ஆள் தொட்ட பிறகுதான் விழும். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கும் ஊற்றுங்கள் என்றேன். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் காட்டிக் கொடுத்தேன்.

கடைசியாக ரிமோட். ஹாலில் வேண்டாம் என்று, பின்வாசல் கதவருகே, பேரனுக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன். "நடக்க முடியலைன்னுதானே தம்பி இதை வாங்கினது" என்றார் அம்மா. பத்தடிதான் அம்மா, அதை மட்டும் நடந்துவிடுங்கள் என்றேன். அங்கே நின்றால் மோட்டாரும் தெரியும், அதன் பக்கத்தில் யார் குனிந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.