ஐசாலில் ஒரு ஞாயிறு

பத்து நாள் ஊழியப் பயணமாக மிசோரம் போயிருந்தோம், ஆறு பேர். ஞாயிறு காலை ஐசாலில் ஆராதனை. மிசோ மொழி ஒரு வார்த்தை புரியாது, ஆனால் 1894-இல் வந்த லொரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அதற்கு ரோமன் எழுத்து அமைத்துக் கொடுத்ததால் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிக்க முடிந்தது. சபையார் நாலு குரலில் பிரிந்து பாட, நான் எப்போதும் ஒரு வரி பின்னால். குவாங் என்கிற முரசு தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டேன், அதற்கப்புறம்தான் கொஞ்சம் சேர்ந்தே பாடினேன் என்று நினைக்கிறேன். (இவர்களுக்கு ஊழியம் செய்ய வந்தோமாம்! அங்கிருந்துதான் எத்தனையோ ஊர்களுக்கு மிஷனரிகளை அனுப்புகிறார்கள்.)

சாயங்காலம் தங்கியிருந்த வீட்டில் அக்கா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். புஃபாய் தம், சபைக்கான அரிசி. அட, எங்கள் ஆச்சி வீட்டுப் பிடி அரிசிக் கலயம்! அக்காவின் மகன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டே டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நானும் ஒரு பிடி போட்டேன், பாதி தரையில் சிந்தியது.