தகட்டுக்கு அந்தப் பக்கம்

விமானம் கட்டுகிற வேலை என்றதும் எல்லோரும் என்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் என்ஜினைத் தொட்டதே இல்லை. எனக்கு வேலை உடற்பகுதியில். அலுமினியத் தகடு, அதைத் தாங்கும் சட்டங்கள், இரண்டையும் இணைக்கும் ரிவெட் ஆணிகள், அப்புறம் உள்ளே ஓடும் ஹைட்ராலிக் குழாய்களும் வயர் கட்டுகளும். சேர்ந்த நாளிலிருந்து முடித்த வேலைக்குப் பக்கத்தில் குத்த எனக்கென்று ஒரு ஸ்டாம்ப் கைக்கு வரும்வரை பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் விமானத்தின் பக்கமே விடவில்லை. பயிற்சி அறையில் ஒரு மேசை, ஒரு வைஸ், கழிவுத் தகட்டுத் துண்டுகள். துளை போடு, பிசிறு எடு, மறுபடி துளை போடு. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண் ட்ரில் பிட். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரம் கிழியும். ட்ரில் செங்குத்தாக நிற்க வேண்டும். அவ்வளவுதானே?

என் துளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒருநாள் சொல்லிக்கொடுத்த அண்ணன் பளபளப்பான தகடு ஒன்றை வைத்து, "பிட்டையும் தகட்டுல தெரியற அதோட பிம்பத்தையும் சேர்த்துப் பாரு. ஒரே கோடாத் தெரியணும். கோடு ஒடிஞ்சா நீ சாஞ்சிருக்கே" என்றார். ஒரு வாரமாக விளக்கப்படங்களில் பிடிபடாதது அந்த நிமிடத்தில் பிடிபட்டது.

இன்னொரு எரிச்சல் கிளீகோ. தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பிடிப்பான். அளவுக்கு ஒரு நிறம் உண்டு: 3/32-க்கு வெள்ளி, 1/8-க்குச் செம்பு, 5/32-க்குக் கறுப்பு. கிளீகோ மாட்டி எல்லாத் துளைகளையும் போட்டு முடித்தபின், அத்தனையையும் கழற்றி, தகடுகளைப் பிரித்து, பிசிறும் துகளும் எடுத்து, மறுபடி மாட்ட வேண்டும். எனக்கு அது தண்ட வேலையாகத் தெரிந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரே ஒரு துகள் சிக்கினால் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் நிஜ வேலை. ரிவெட் அடிக்க இரண்டு பேர். வெளியே ஒருவர் ரிவெட்டை அடிக்கும் கன்னோடு நிற்பார். உள்ளே ஒருவர் பக்கிங் பார் என்கிற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில், அதாவது உள்பக்க முனையில், அழுத்திப் பிடிப்பார். புதியவன் என்பதால் எனக்கு உள்ளே. சட்டங்களுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்து, காதடைப்பான் மேல் இன்னொரு காதடைப்பான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, கத்தினாலும் கேட்காது. எங்களுக்குள் பேச்சு தட்டல்தான். அடித்தபின் உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி, இரண்டு தட்டினால் சரி, மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, எடுக்க வேண்டும். நசுங்கிய வால் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால்தான் அந்த இரண்டு தட்டு.

ஒருநாள் ஷிஃப்ட் முடியும் நேரம். ஒரு மூலை, பார் நேராக நுழையாது. அடிக்கும்போதே அது வழுக்கியது கையில் தெரிந்தது. கண்ணாடியை நீட்டிப் பார்த்திருக்க வேண்டும். வெளியே அண்ணன் காத்திருக்கிறார், இரண்டு தட்டிவிட்டேன். அடுத்து ஐந்து ரிவெட் அடித்தோம். ஐந்தும் எனக்கு நினைவில் இல்லை, அந்த ஒன்றுதான் நினைவில் நின்றது. கடைசியில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வால் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

வெளியே வந்து, "அண்ணே, அந்த மூலையில ஒண்ணு படுத்திருக்கு" என்றேன்.

"ரெண்டு தட்டுனியே?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலையைத் துளைத்து ரிவெட்டை எடுத்தபோது துளையும் பெரிதாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் குறை எழுதிச் சிவப்புச் சீட்டு மாட்டினார். பொறியியல் பிரிவிலிருந்து பதில் வர இரண்டு நாள் ஆனது. ஓரத்திலிருந்து போதிய தூரம் இருந்ததால் துளையைச் சீராக்கி 5/32 ரிவெட் போடச் சொன்னார்கள். தூரம் குறைந்திருந்தால் தகட்டுக்கே பெரிய பழுதுபார்ப்பு வேலை வந்திருக்கும்.

அடுத்த கட்டம் சிஸ்டம்ஸ் பக்கம். கன் சத்தம் இல்லையே என்று சந்தோஷமாகப் போனேன். ஹைட்ராலிக் குழாய் தானாக ஃபிட்டிங்கில் வந்து உட்கார வேண்டும், நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கக் கூடாது. குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சில் முறுக்கியதும், நட்டு பிறகு நகர்ந்தால் தெரிய அதன் மேல் பெயின்ட் கோடு. போல்ட் தளராமல் இருக்க முறுக்கிக் கட்டும் லாக்வயர்தான் என்னைப் படுத்தியது. 0.032 அங்குலக் கம்பி, அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. முதலில் கட்டியது எனக்கே அழகாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுக் கட்டரால் வெட்டினார். போல்ட் இறுகும் திசையில் இழுக்க வேண்டிய கம்பியை நான் தளரும் திசையில் கட்டியிருந்தேன்.

இந்த வேலைக்கு வருபவர்களிடம் ஒன்று சொல்வேன். காதையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். அதிர்வில் விரல் மரத்துப்போவதைப் பெருமையாகச் சொல்லும் ஆட்கள் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

எழுத்துத் தேர்வு, கையால் ஒரு பேனல் செய்து காட்டும் தேர்வு இரண்டும் முடிந்து ஸ்டாம்ப் வந்தது. கட்டைவிரல் அளவு, அதில் ஓர் எண். ஒரு வேலையின் பக்கத்தில் அதைக் குத்திவிட்டால் அந்த வேலை என்னுடையது. முதல் தடவை குத்துவதற்கு முன் அந்த இடத்தை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது வெளியே கன்னோடு நிற்பது நான். போன மாதம் உள்ளே ஒரு புதுப் பையன். ஒரு மூலையில் அடித்து நிறுத்திய உடனே இரண்டு தட்டு வந்தது. கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. கன்னைக் கீழே வைத்துவிட்டு ஓட்டை வழியாகக் குனிந்து, "கண்ணாடி வெச்சுப் பாத்தியாப்பா?" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மூன்று தட்டு.