வாழைநாரும் பார்சல் கம்பெனிக் கடிதமும்

"பேக்கிங் போதுமானதாக இல்லை. ஆகவே இழப்பீடு கிடையாது." ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவே வீட்டுத் தபால்பெட்டியில் கிடந்த பார்சல் கம்பெனிக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பணம் போனால் போகட்டும். சேதமாகி வந்த அந்தப் பெட்டியைப் பிரித்தவன் நான். அவ்வளவு பக்குவமாகக் கட்டிய பெட்டியை, சங்கரன்கோவில் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்திய என் அப்பாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருந்தது 'டூயல்' பிராண்டு ரெக்கார்டு பிளேயர். பிளாக் ஃபாரஸ்ட் மலையில் சாங்க்ட் கேயார்கன் என்ற சிற்றூரில் 1907-இல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. விற்றவர் அதே ஊரைச் சேர்ந்த ஒரு தாத்தா. சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றியிருந்தார். முள் இருக்கும் கையின் பின்பக்க எடையைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் பஞ்சோடு வைத்திருந்தார். ஸ்பிரிங்கில் மிதக்கும் மேல்தளம் ஆடாதபடி போக்குவரத்துத் திருகுகளை இறுக்கியிருந்தார். அப்புறம் பெட்டிக்குள் பெட்டி, நடுவே நாலு பக்கமும் ஸ்பாஞ்ச். கையை அதன் தாங்கியோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டியிருந்தார்.

அப்பா அதை வாழைநாரால் கட்டுவார். கோயில் கொடைத் திருவிழா முடிந்த விடியற்காலையில், கண்ணெல்லாம் சிவந்திருக்க, குழாய் ஸ்பீக்கரை இறக்குவதற்கு முன்னால் முதலில் அந்த நாரைத்தான் தேடுவார். நனைத்த நார் காய்ந்தால் இறுகும், ஆனால் பெயின்டைச் சுரண்டாது என்பார். கம்பளி சுற்றிய மரப்பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்து, பழைய ட்யூபால் இழுத்துக் கட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் மிதிப்பார். ஒரு முள்கூட வளைந்ததில்லை.

இங்கே வழவழப்பான ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வந்த பெட்டியின் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. அடியில் இருக்கும் மரச்சட்டம் பிளந்து, மேல்மூடியும் கீறிப்போயிருந்தது. "பேசாம நீயே ரயில்ல போய் மடியில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் அம்மா வாட்ஸ்அப்பில். சிரித்துவிட்டேன்.

இந்த ஊர் வணிகச் சட்டத்தின் 438-ஆம் பிரிவுப்படி, வெளியில் தெரியும் சேதத்தை டெலிவரியின்போதே சொல்ல வேண்டும். உள்ளே மறைந்திருப்பதை 7 நாளுக்குள் எழுத வேண்டும். இரண்டையும் செய்திருந்தேன். அட்டைப்பெட்டி, ஸ்பாஞ்ச், நூல் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் 427-ஆம் பிரிவு, பேக்கிங் சரியில்லாமல் உடைந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஹாட்லைனில் ஒவ்வொரு முறையும் வேறு குரல், அதே வாக்கியம். ஊரில் லாரி ஆபீஸ் ரசீதிலும் 'ஓனர் ரிஸ்க்' என்று போட்டுத்தான் தருவார்கள். ஆனால் குடோன் வாசலில் நின்று, "அண்ணாச்சி, மூலையைப் பாருங்க" என்று காட்ட ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் இங்கே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாத்தாவுக்கு ஃபோன் செய்தேன். தனி ஆள் அனுப்பும் பொருளைப் பார்சலில் ஒப்படைத்ததுமே ரிஸ்க் வாங்குகிறவருக்கு மாறிவிடும் என்பதுதான் இங்கே பொது விதி. அவர் கைகழுவியிருக்கலாம். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அந்தப் பக்கம் குரல் நடுங்கியது. கட்டும்போது படிப்படியாக எடுத்த படங்களை அன்றைக்கே அனுப்பினார். இடைவெளி தெரிய ஸ்கேலை வைத்துக்கூட எடுத்திருந்தார். அவற்றோடு, உள்வாங்கிய மூலையின் படத்தையும் சேர்த்து எதிர்ப்புக் கடிதம் எழுதினேன். கேட்ட தொகை முழுவதும் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது, தாத்தாவுக்குக் காட்ட.

இங்கே எல்லாம் பழகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேதப் படிவத்தை அகராதி இல்லாமல் நிரப்புகிறேன், குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடுகிறேன். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால், பக்கத்து வீட்டில் யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றுவிட மாட்டார்களா என்று காது கிடந்து தவிக்கிறது.

தாத்தா இன்னொரு மரச்சட்டம் தேடி வைத்திருக்கிறார். பார்சலில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கான்ஸ்டன்ஸ் போகும் ரயிலில் ஏறினால் அவர் ஊரிலேயே இறங்கலாம், மலை ஏறும் வழியெல்லாம் குகைப்பாதை. அங்கே கிராமபோன் மியூசியம் ஒன்று இருக்கிறது, கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அப்பாவின் மரப்பெட்டிப் படத்தை அம்மாவிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தாத்தாவுக்குக் காட்ட வேண்டும்.